கதவு நம்பரோடு குடிபோனவர்கள்

சிலோன் காலனியில் வீடு மாறுகிறவர்கள் சட்டிபானை, பாய், டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, கடைசியில் கதவு நம்பர் எழுதிய தகரத்தையும் கழற்றி எடுத்துக்கொண்டு போவார்கள். ஊர் உலகத்தில் நம்பர் வீட்டுக்குச் சொந்தம். இங்கே மட்டும் அது ஆளுக்குச் சொந்தம். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ரேஷன் கார்டில் விலாசம் மாற்ற எட்டு நாள் கல்குவாரி வேலையை விட்டுவிட்டு ஆபீஸ் படியேறி இறங்கியவனுக்குச் சிரிப்பு வராது. கார்டில் பதினாறு என்றிருந்தால் கதவிலும் பதினாறு இருக்கவேண்டும், அரிசி மண்ணெண்ணெய் வாங்க அது போதும். நாலு திருகாணியைக் கழற்றினால் தீர்ந்துபோகிற காரியத்துக்கு எதற்கு மனு? தபால்காரருக்கு எல்லாம் அத்துப்படி. வேறு யாரும் நம்பரைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் வரப்போவதில்லை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

எழுபத்து நான்கில் இலங்கை மலைநாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்குப் புதுக்கோட்டைக்கு வெளியே, தைலமரக் காட்டுக்கும் கண்மாய்க்கும் நடுவே அரசாங்கம் கட்டிக் கொடுத்த இடம் அது. வரிசைக்குப் பத்து வீடு, நாலு வரிசை. ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒற்றை அறை. தேயிலைத் தோட்டத்து லயம் என்ற வரிசைக் குடியிருப்பில், காம்பரா என்கிற ஒற்றை அறைக்குள் பிறந்து வளர்ந்து கல்யாணம் முடித்தவர்கள், இங்கே வந்தும் காம்பராவைத்தான் பார்த்தார்கள். மலையும் குளிரும் மட்டும் இல்லை. அப்போது ஊருக்கு வெளியே கிடந்த அந்த இடத்தை ஐம்பது வருஷத்தில் டவுன் வந்து சுற்றி வளைத்துக்கொண்டது. எதிரே கல்யாண மண்டபம், பின்னால் பெட்ரோல் பங்க். அப்புறம்தான் அந்த நிலத்தின் மேல் எல்லோருக்கும் கண் விழுந்தது.

நோட்டீஸ் வந்தது தை மாதத்தில். கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லிக் கோர்ட் உத்தரவாம். நாற்பது வீடும் ஆக்கிரமிப்பாம். கப்பலில் கூட்டிவந்து, குடிவைத்து, குடும்ப அட்டையும் கொடுத்துவிட்டு, ஆக்கிரமிப்பு என்று சொல்ல எப்படித்தான் வாய் வந்ததோ. ஆனால் கையில் பட்டா இல்லை. கொடுக்கிறோம் என்று சொல்லிச் சொல்லியே மூன்று தலைமுறையை ஓட்டிவிட்டார்கள்.

காலனியில் படம் படிக்கத் தெரிந்தவள் ராஜலட்சுமி ஒருத்திதான். நாற்பத்தெட்டு வயது. டவுனில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் வீட்டு பிளான் வரைகிறவள். வளைகுடாவிலிருந்து வந்த பணத்தில் ஊர்ப் பக்கம் எழும்புகிற மூன்று படுக்கையறை வீடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்துவிட்டு, சாயங்காலம் மினி பஸ் பிடித்துக் கீழ்வரிசையில் உள்ள தன் காம்பராவுக்கு வந்து சேருவாள். மழை வந்தால் அந்த வீட்டில் தரையே ஊறும். கட்டிலுக்கு நாலு செங்கல் முட்டுக் கொடுத்து, அதன் மேலே பீரோச் சாமான், அரிசி மூட்டை, மகளின் பிளஸ் டூ புத்தகங்கள். ஐப்பசி கார்த்திகையில் அந்தக் கட்டில்தான் வீடு.

சங்கத் தலைவர் மலையாண்டி அவளிடம்தான் வந்தார். "ராஜி, நம்மள கவர்மெண்டுதான் வச்சுச்சுன்னு காட்ட ஒரு தாளாச்சும் வேணுமே. ஒனக்குத்தான் ஆபீஸ் பழக்கமெல்லாம் இருக்கு."

அவள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாள். ஒன்றல்ல, ஆறு. ஐந்துக்கு 'ஆவணம் இல்லை' என்று பதில் வந்தது. ஆறாவதற்கு ஒரு வரைபடத்தின் நகல் வந்தது. எண்பத்து மூன்றாம் வருஷம், வாந்திபேதி பரவிய சமயத்தில், பெயர் தெரியாத ஒரு சுகாதார ஆய்வாளர் வீடு வீடாக நடந்து போட்ட படம். நாலு வரிசை, நாற்பது கட்டம், கட்டத்துக்கு ஒரு நம்பர். கட்டத்துக்குள்ளே பொடி எழுத்தில் எத்தனை பேர், எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள், எங்கே ஒதுங்குகிறார்கள், யாருக்கு நோய் கண்டது என்று எல்லாம் எழுதியிருந்தார். 'நபர் 9. ஜன்னல் இல்லை.' 'நபர் 6. அடுப்பு உள்ளே. புகை.' 'நபர் 7. ஒரு மரணம்.' சர்க்கார் உத்தியோகத்தில் இப்படி ஒரு மனுஷனும் இருந்திருக்கிறார் என்று ராஜலட்சுமிக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டாவது வரிசையில் பன்னிரண்டாம் கட்டத்தில் அவள் அப்பா பெயரோடு எழுதியிருந்தது: 'வெள்ளைச்சாமி. பெரியவர் 2, சிறியவர் 2.' சிறியவர் இரண்டில் ஒன்று அவள். இன்னொன்று அவள் அண்ணன் கார்த்திகேயன். அவன் உயிரோடு இருந்ததற்கு அவளிடம் ஒரு போட்டோகூடக் கிடையாது. அந்த இரண்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

படத்தின் அடியில், மூன்றாவது வரிசைக்கும் நாலாவது வரிசைக்கும் இடையில், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு ஓடியது. பக்கத்தில் குறிப்பு: 'கண்மாய் நிரம்பினால் நீர் ஏறும் எல்லை. இதற்குக் கீழுள்ள பத்து வீடுகள் குடியிருக்கத் தகுதியற்றவை. மேட்டில் மாற்றிடம் தரப் பரிந்துரைக்கிறேன்.' பரிந்துரையைத் தூக்கி பைல் கட்டுக்குள் வைத்துக் கட்டியவர்கள் அதை மறுபடி பிரிக்கவே இல்லை.

நோட்டீஸ் மேல் விசாரணை நடத்திய அதிகாரி படத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷர், அவர் மேல் குறை சொல்ல முடியாது. "இது சர்க்கார் ரெக்கார்டு. கோர்ட்டுல நிக்கும். கோட்டுக்கு மேல இருக்கிற முப்பது வீட்டுக்கும் பட்டாவுக்கு எழுதிடுறேன். கீழ இருக்கிற பத்து, கண்மாய்க்குள்ள வருது. அத நான் ஒண்ணும் பண்ண முடியாது. அடுக்குமாடி வீட்டுக்கு மனுக் குடுக்கட்டும், சிபாரிசு பண்றேன்" என்றார். அடுக்குமாடி இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. எப்போது கிடைக்கும் என்று அவரும் சொல்லவில்லை. பிறகு ராஜலட்சுமியைப் பார்த்துச் சொன்னார்: "சர்வேயர் ஆள் பத்தல. நீங்கதான் பிளான் போடுறவங்களாச்சே. வீடுகளை அளந்து ஒரு ஸ்கெட்ச், நம்பர் வாரியா யார் யாருன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க. ரேஷன் கார்டோட ஒத்துப் பாத்து முடிச்சிடுவோம். ஒரு வாரம் டைம்."

நம்பர் வாரியாக என்று அவர் சொன்ன அந்த நிமிஷமே ராஜலட்சுமிக்குக் கதவுத் தகரங்கள் ஞாபகம் வந்தன.

மறுநாள் சங்கக் கூட்டம். மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோரும் கூடியிருந்தார்கள். கீழ்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு ஒருபுறம் உட்கார்ந்திருந்தார்கள். மலையாண்டி எழுந்தார். "நம்ம ஆளுக எத்தனையோ பேர் வீடு மாத்தியிருக்கோம். தகரத்தையும் தூக்கிட்டுப் போயிருக்கோம். பதினாலு வீட்டுல நம்பர் எடம் மாறிக் கெடக்கு. இது ஆபீசருக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாரு? 'படத்துக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்ல'ன்னு படத்தையே தூக்கிப் போட்ருவாரு. முப்பது வீடும் போச்சு. அதனால மாத்துன கதைய யாரும் வாய் தெறக்கப்படாது. நமக்குள்ள பின்னாடி எழுதி மாத்திக்குவோம். இன்னைக்கே எல்லாரும் தகரத்தக் கழட்டிருங்க. வெள்ளையடிக்கப் போறோம்னு சொல்லிக்கலாம்."

முதலில் கை தூக்கியவர் செபமாலை. அறுபத்தெட்டு வயது, குவாரியில் ஒரு காதுக் கேள்வியைத் தொலைத்தவர். "தலைவர் சொல்றது சரி. நம்மால பத்துப் பேருக்கு நல்லது நடக்கும்னா வாயக் கட்டிக்கிட்டு இருப்போமே" என்றார். அன்று சாயங்காலமே ஸ்குரூ டிரைவரை வாங்கி முப்பத்து நான்காம் நம்பர்த் தகரத்தைத் தன் கையாலேயே கழற்றினார்.

அவர் வீடு இருந்தது இரண்டாவது வரிசையில். படத்தில் முப்பத்து நான்கு இருந்தது நாலாவது வரிசையில். கோட்டுக்குக் கீழே.

ராஜலட்சுமியின் வீடு இருந்தது நாலாவது வரிசையில். அவள் கதவில் தொங்கியது பன்னிரண்டு.

மாறிய பதினாலு வீட்டில் மற்றவையெல்லாம் மேலே மூன்று வரிசைக்குள்ளேயே மாறியவை. எவனுக்கு எவன் பட்டா போனாலும் பின்னால் எழுதிச் சரிசெய்துகொள்ளலாம். கோட்டைத் தாண்டி மாறியது இந்த இரண்டு வீடு மட்டும்தான்.

மாறிய கதை இதுதான். எண்பத்து நான்கில் கார்த்திகேயன் காய்ச்சலில் செத்துப்போனான். பன்னிரண்டு வயது. அவிட்ட நட்சத்திரத்தில் உயிர் போனதால் அடைப்பு என்றார்கள். உயிர் பிரிந்த அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும், ஆள் புழங்கக் கூடாது, மீறினால் அதே வீட்டில் இன்னொன்று போகும். வசதிக்காரன் வீட்டில் ஒரு அறையைப் பூட்டிவிட்டு இன்னொன்றில் இருப்பான். ஒற்றைக் காம்பராக்காரன் எதைப் பூட்டுவான்? வெள்ளைச்சாமி பெண்டாட்டியையும் எட்டு வயது ராஜலட்சுமியையும் கூட்டிக்கொண்டு தெருவில் நின்றார். அடைப்பு வீட்டுக்கு மாறிக்கொள்ள எவனும் முன்வரவில்லை. செபமாலை அப்போது புதுசாகக் கல்யாணம் முடித்தவர். வேதக்காரக் குடும்பம், நட்சத்திரம் பார்க்காதவர்கள். கீழ்வரிசையில் முப்பத்து நான்கில் இருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் இரண்டு குடும்பமும் சாமானை மாற்றிக்கொண்டது, வழக்கப்படி தகரத்தையும்தான். ஆறு மாதம் கழிந்ததும் செபமாலை திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட்டார். ராஜலட்சுமியின் அம்மா அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றுவிட்டாள். அப்படியே நாற்பது வருஷம் ஓடிவிட்டது.

இதையெல்லாம் புருஷன் சரவணக்குமாரிடம் சொன்னபோது அவன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான். அவன் மினி பஸ் டிரைவர், அளந்து பேசுகிறவன்.

"கவர்மெண்டு ஒங்கப்பாவுக்குக் குடுத்தது எந்த வீடு?"

"பன்னெண்டு."

"ஒங்கப்பன் வீடு ஒனக்கு வருது. இதுல என்ன தப்பு? நாப்பது வருசமா தண்ணிக்குள்ள கெடந்தது யாரு? அவுகளா நம்மளா?"

"அவரு அங்க பின்னாடி ஒரு ரூம் எடுத்துருக்காரு. பாத்ரூம் கட்டிருக்காரு. அவரு மக ரஞ்சிதாவும் பிள்ளைகளோட அங்கதான் இருக்கா."

"அப்ப போய்ச் சொல்லு. நம்ம பொண்ணக் கூட்டிக்கிட்டு அடுக்குமாடி எப்பக் கட்டுவான்னு ரோட்டுல உக்காந்துருப்போம்." அவன் கையைக் கழுவினான். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னான்: "நீ சொன்னா நம்ம வீடு மட்டுமா போகும்? மலையாண்டியண்ணே சொன்னாருல்ல, படமே போயிரும்னு."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் ராஜலட்சுமி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முப்பது குடும்பத்துக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தால் சோறு இறங்கியது. உண்மையில் அதிகாரியிடம் தனியாகப் போய், இந்த ஒரு மாற்றத்தை மட்டும் சொல்லிக் கேட்டுப் பார்த்திருக்கலாம். அந்த மனுஷர் படத்தைத் தூக்கிப் போடுகிற ஆளாகவும் தெரியவில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் போகவில்லை.

அளக்கிற வேலை இரண்டு நாள் நடந்தது. கீழ்வரிசையில் அழகம்மாள் வீட்டை அளக்கும்போது அவள் டேப்பைப் பார்க்கவே இல்லை. "ஒனக்கென்னடி, நீ பன்னெண்டு" என்றாள். முப்பத்தைந்தாம் வீட்டுக்காரி, பக்கத்துச் சுவர்க்காரி, ராஜலட்சுமியின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட நின்றவள். ராஜலட்சுமிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் செபமாலை வீட்டுக்குப் போனாள். கார்த்திகேயன் படுத்திருந்த மூலையில் இப்போது டிவி இருந்தது. செபமாலை டேப்பின் ஒரு முனையை வாங்கிச் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ரஞ்சிதா நர்சரி ஸ்கூலிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"பின் ரூமையும் அளக்கவா தாயி? அது நான் எடுத்தது."

"அதையும் அளக்கணும் மாமா."

"நல்லா அள. விட்டுப்போச்சுன்னு பின்னாடி சொல்லப்படாது." அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஏன் ராஜி, நம்ம வீடு கோட்டுக்கு மேலதானே வருது?"

டேப் அவள் கையில் சுருண்டு வந்து சொடக்கென்று உள்ளே போனது.

"மேலதான் மாமா வருது."

"அப்பாடா. மாதாவே. கீழ இருக்கிற பிள்ளைகள நெனச்சாத்தான் கஷ்டமா இருக்கு." சட்டென்று அவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். "ஒன் வீடும் கீழதானே இருக்கு? என்ன பண்ணப் போற?"

"பாக்கலாம் மாமா."

"ஒண்ணும் அமையலன்னா இங்கிட்டு வந்துருங்க. பின் ரூம் ஒங்களுக்குத்தான். பிள்ளைக்குப் பரிச்ச இருக்குல்ல?"

மோரைக் குடித்தாளா இல்லையா என்று அவளுக்கு ஞாபகமில்லை. வெளியே வந்து வேலியோரம் நின்று, நோட்டில் நீளம் அகலம் எழுதினாள். வேறொரு மனுஷியாக இருந்தால் அங்கேயே திரும்பிப் போய்ச் சொல்லியிருப்பாள். இவள் அளவைக் கூட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

லிஸ்டை ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடித்தாள். நம்பர், பெயர், கார்டு எண். '12 – ராஜலட்சுமி, த/பெ வெள்ளைச்சாமி.' '34 – செபமாலை.' அதில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. ஸ்கெட்சில் வீடுகளைத் துல்லியமாக வரைந்தாள். செபமாலை எடுத்த பின் அறையையும் பன்னிரண்டோடு சேர்த்துக் கட்டம் போட்டாள்.

விசாரணை நாளன்று ஆபீஸ் மாடி ஹாலில் மின்விசிறிகள் ஓடின, காற்றுத்தான் வரவில்லை. அதிகாரி மேஜைமேல் படத்தை விரித்து நாலு மூலையிலும் பைல்களை வைத்திருந்தார். ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டார். கார்டைப் பார்த்தார், லிஸ்டில் டிக் போட்டார், கையெழுத்து வாங்கினார். மேல்வரிசைக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும்போது முகம் மலர்ந்திருந்தது. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. ஐம்பது வருஷமாக எதிர்பார்த்தது.

"பன்னெண்டு. ராஜலட்சுமி."

அவள் போனாள். "ஒங்க ஸ்கெட்ச் ரொம்ப நல்லா இருக்கும்மா. எங்க ஆளுங்களுக்கே இப்படி வராது" என்றார் அதிகாரி. அவள் கையெழுத்துப் போட்டாள். முதுகுக்குப் பின்னால் கீழ்வரிசைக்காரர்கள் ஒருவர்கூடப் பேசவில்லை. பேசி அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

முப்பதைத் தாண்டியதும் கையெழுத்து வாங்குகிற தாள் மாறியது. வெள்ளைத் தாள் போய், காலி செய்யச் சம்மதம் என்று அச்சடித்த மஞ்சள் தாள் வந்தது. முப்பத்து ஒன்று. முப்பத்து இரண்டு. முப்பத்து மூன்று. அழுதுகொண்டே போட்டார்கள்.

"முப்பத்தி நாலு. செபமாலை."

செபமாலை சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். மேஜையருகே போய் நின்றார். ஒரு காதுதான் கேட்கும் என்பதால் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"பெரியவரே, கோட்டுக்குக் கீழ வருது. பதினஞ்சு நாள்ல காலி பண்ணணும். மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

"எனக்கு இல்லங்கய்யா. என் வீடு மேல இருக்கு. ரெண்டாவது வரிச."

"ஒங்க நம்பர் முப்பத்தி நாலுதானே?"

"ஆமாங்க."

"கார்டுலயும் அதானே இருக்கு? பாருங்க, முப்பத்தி நாலு இங்க இருக்கு." அதிகாரி விரலைப் படத்தில் வைத்தார். "ரெண்டாவது வரிசைல ஒங்க பேரு இல்லையே."

செபமாலை குனிந்து படத்தைப் பார்த்தார். அவருக்கு அது கோடும் கட்டமும்தான். நிமிர்ந்து மலையாண்டியைத் தேடினார். மலையாண்டி மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் செபமாலைக்கு விளங்கியது போல. வாயைத் திறந்தார். சொன்னால் முப்பது வீடும் போகும் என்று கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர் அவர்தான். ஹாலில் இருந்த அத்தனை முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடைசியில் ராஜலட்சுமியிடம் திரும்பினார்.

"ராஜி. ஒனக்குப் படம் தெரியும். நீ பாத்துச் சொல்லு தாயி. எங்க இருக்கு என் வீடு?"

சரவணக்குமார் அவள் முழங்கையைத் தொட்டான். அவள் எழுந்து மேஜைக்குப் போனாள். படத்தைப் பார்த்தாள். அதில் பார்க்க அவளுக்கு ஒன்றுமில்லை. நாற்பது கட்டமும் அவளுக்கு மனப்பாடம். முப்பத்து நான்காம் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் இருந்தது: 'பெரியவர் 2. தரை ஈரம். நீர் புகும்.'

"படத்துல முப்பத்தி நாலு கீழதான் மாமா இருக்கு" என்றாள்.

பொய் ஒன்றும் இல்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அப்படி ஒரு வார்த்தையைத் தேடிக் கண்டுபிடித்துச் சொல்ல அவளுக்குத் தெரிந்திருந்தது.

செபமாலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மஞ்சள் தாளில் கையெழுத்துப் போட்டார். எழுத்துக் கூட்டிக் கூட்டி, மெதுவாக. பின்வரிசையிலிருந்து ரஞ்சிதா, "அப்பா! போடாதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அதற்குள் போட்டு முடித்துவிட்டார்.

பதினைந்து நாளும் ரஞ்சிதா வழியில் கண்டால் காறித் துப்பிவிட்டுப் போனாள். ராஜலட்சுமி அதைத் துடைத்துக்கொள்கிற மாதிரிதான் நடமாடினாள். ஒருநாள் மலையாண்டியிடம் போய், "நமக்குள்ள பின்னாடி எழுதி மாத்திக்கலாம்னு சொன்னீங்களே" என்று கேட்டாள். "மாத்திக்க, எழுதிக் குடு. அப்புறம் நீ எங்க போவ?" என்று அவர் திருப்பிக் கேட்டார். மகளின் பரீட்சை முடியட்டும் என்று நினைத்தாள். முதலில் உள்ளே போவோம், அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்றும் நினைத்தாள்.

கடைசி நாள் காலையில் பன்னிரண்டாம் வீட்டு வாசலில் லோடு ஆட்டோ நின்றது. ரஞ்சிதா மச்சுவாடிப் பக்கம் வாடகைக்கு ஒரு போர்ஷன் பார்த்திருந்தாள். கட்டில் ஏறிவிட்டது. டிவியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேரப்பிள்ளை உட்கார்ந்திருந்தது. ராஜலட்சுமி போகக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். கால் தானாகப் போய்விட்டது.

செபமாலை காலி அறையைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார்.

"மாமா, நீங்க பின் ரூம்ல இருந்துக்கங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவளுக்குக் கேட்டது. அவர் கட்டிய அறையை அவருக்கே தருகிறாள்.

அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. கேட்காத காதுப் பக்கம் நின்றுவிட்டோமோ என்று அவள் மறுபுறம் வந்தாள்.

"ஒங்கப்பன் பிள்ளையத் தூக்கிக் கொடுத்துட்டு வந்த அன்னைக்கு என் கையப் புடிச்சாரு. 'செபமாலை, ஒன் வீட்ட எனக்குக் குடுடா'ன்னாரு. என் பொஞ்சாதியக்கூட நான் கேக்கல. குடுத்தேன்." அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கோபம் இல்லை. ஒரு சின்னப் பிள்ளை புரியாத கணக்கைக் கேட்பது போலக் கேட்டார்: "அன்னைக்கு டேப்ப புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்ல. அப்ப நீ கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன் தாயி. கோட்டுக்குக் கீழ போய் இருந்துக்கன்னு சொல்லியிருந்தா போயிருப்பேன். ஏன் ராஜி கேக்கல?"

அவர் உண்மையிலேயே பதிலுக்காக நின்றார். ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். ரஞ்சிதா வெளியிலிருந்து "அப்பா!" என்று கூப்பிட்டாள். ராஜலட்சுமியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் தலையைச் சாய்த்து, கேட்கிற காதை அவள் பக்கம் கொண்டுவந்தார். அப்போதும் ஒன்றும் வராததால், "சரி, வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.